தனத்தின் கூரையைப் பார்க்க வந்தவர்கள்

தனலட்சுமியின் கூரையைப் பார்க்க எங்கெங்கிருந்தோ ஆள் வந்தார்கள். பாரிஸிலிருந்து வந்தார்கள், லண்டனிலிருந்து வந்தார்கள், கப்பலில் போகிற வழியில் இறங்கி ஒரு நடை பார்த்துவிட்டுப் போனார்கள். கரும்புச் சோகை வேய்ந்த கூரை, மண் சுவர், சாணி மெழுகிய தரை. "என்ன அழகு" என்பார்கள். மழை பெய்தால் அந்தக் கூரைக்கு அடியில் எத்தனை பாத்திரம் வைக்க வேண்டியிருக்கிறது என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றக்கூட இல்லை. படம் எடுக்க வந்தவர்களுக்கு மழையைப் பற்றி என்ன கவலை?

பிரெஞ்சு பேசுகிற துரைமார்கள் கரும்பு போட்ட தீவில், ரிவியேர் தே ஸாங்கீய் ஊரைத் தாண்டிக் கடல் பக்கம் இறங்குகிற கரும்பு எஸ்டேட் அது. பெயர் எதற்கு? அந்தக் காலத்தில் எல்லா எஸ்டேட்டும் ஒரே எஸ்டேட்தான். ஒரு ஆலை, ஒரு பெரிய வீடு, பெரிய வீட்டுக்குப் போகிற மரநிழல் பாதை, தொலைவில் கூலிக்காரர்களின் குடியிருப்பு. அதைக் கான் என்பார்கள். தனம் அந்தக் கானில்தான் பிறந்தாள்.

முப்பத்தேழாம் வருஷம் தீவு முழுக்கத் தோட்டங்களில் கொந்தளிப்பு. தனத்தின் அப்பாவும் வெட்டுக்கத்தியைக் கீழே வைத்தார். அவர் யாரையும் அடிக்கவில்லை, எதையும் கொளுத்தவில்லை. வேலைக்குப் போகவில்லை, அவ்வளவுதான். எஸ்டேட் ஆட்கள் வந்து சட்டி பானையை ரோட்டில் எறிந்து கதவைப் பூட்டினார்கள். தனம் அப்போது பாவாடைச் சிறுமி. அம்மிக்கல்லின் மேல் உட்கார்ந்துகொண்டு, தன் வீட்டுக் கதவில் வேறொருவன் பூட்டுத் தொங்குவதைப் பார்த்தாள். கோயில் கொட்டகையில் கொஞ்ச காலம் கிடந்தார்கள். அப்பா எஸ்டேட் முதலாளி பெரிய மிஸ்யே முன்னால் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற பிறகுதான் பூட்டுத் திறந்தது.

வேலைக்கும் வீட்டுக்கும் ஒரே சாவி, அந்தச் சாவி துரை பையில் இருக்கிறது. இதைத் தனம் எந்தக் கூட்டத்திலும் கற்றுக்கொள்ளவில்லை. அம்மிக்கல்லில் உட்கார்ந்து கற்றுக்கொண்டாள்.

வளர்ந்தாள். இடுப்பில் கோணியைக் கட்டிக்கொண்டு களையெடுக்கப் போனாள். மருதையைக் கட்டிக்கொண்டாள். அவன் ஆலையில் பாகு கொதிக்கிற இடத்தில் வேலை பார்த்து நெஞ்சில் இழுப்பை வாங்கிக்கொண்டு வீடு சேர்ந்தவன். சங்கம் வந்தபோது பெண்கள் பக்கத்தில் முதலில் கை தூக்கியவள் தனம்தான். அவள் குரல் ஆலைச் சங்குக்கு அப்பாலும் கேட்கும் என்பார்கள்.

அறுபதில் கரோல் புயல் வந்தது. கானில் ஒரு கூரை மிஞ்சவில்லை. எஸ்டேட்காரர்கள் வேறு வழியில்லாமல் சிமெண்ட் கல் வைத்துத் தகரம் போட்டு வீடு கட்டிக் கொடுத்தார்கள். எல்லாருக்கும் கொடுத்தார்கள், மரநிழல் பாதையை ஒட்டிய முன்வரிசையைத் தவிர. அங்கே ஆறு குடிசை. அதில் ஒன்று தனத்துடையது. "இப்போதைக்குச் சோகை வேய்ந்துகொள்ளுங்கள், உங்களுக்குத் தகரம் அடுத்த கப்பலில் வருகிறது" என்றார்கள். வேய்ந்துகொண்டார்கள். அடுத்த கப்பல் வந்தது. அதற்கு அடுத்ததும் வந்தது.

கப்பலில் தகரம் வரவில்லை, விருந்தாளிகள் வந்தார்கள். பெரிய மிஸ்யேயின் மனைவி மதாம் கொலெட் அவர்களைக் காரில் அழைத்து வந்து முன்வரிசையில் இறக்குவாள். அதற்கு முந்தின நாள் சிர்தார் விநாயகம் வந்து நிற்பான். கூலிக்காரர்களை மேய்க்கிற வேலை அவனுக்கு. ஆள் கெட்டவன் இல்லை. முதுகெலும்பு கொஞ்சம் இளகல்.

"தனம் அக்கா, நாளைக்கு ஆளு வராங்க. வாசல் மெழுகி வைங்க. கோலம் பெருசா இருக்கட்டும்."

"போடறேன் தம்பி."

"அந்தத் தகர வாளிய உள்ள தள்ளிடுங்க. மண் பானைய வெளிய வைங்க."

"தண்ணி வாளியிலதானேடா புடிக்கிறோம். பானையில முருங்கக் குச்சில்ல நட்டு வச்சிருக்கேன்."

"மதாம் சொன்னாங்கக்கா. மருதை அண்ணன் சைக்கிளையும் பின்னாடி போட்ருங்க. ரேடியோ பாடக் கூடாது."

"உங்க அண்ணன் இருமுவாரே. அவரையும் பின்னாடி போட்றவா?"

விநாயகம் சிரித்துவிட்டுப் போய்விடுவான். மறுநாள் தனம் கோணியை அவிழ்த்துவிட்டுக் கோயில் புடவையைக் கட்டிக்கொண்டு வாசலில் நிற்பாள்.

சங்கத்தில் வாய் திறந்தால் மூடாத தனம் ஏன் இதற்குப் போய் நின்றாள்? அதுதான் இந்தக் கதையின் வயிற்றெரிச்சல். அவளுக்கு ஒரு கணக்கு இருந்தது. மதாம் மனசு குளிர்ந்தால் முதல் தகரம் தன் வீட்டுக்கு வரும். மருதைக்கு ஈரம் ஆகாது. குளிர்கால மழை நாட்களில் அவன் நெஞ்சு, துருத்தி மாதிரிச் சத்தம் போடும். அதனால் மற்றவர்களைவிட வழவழப்பாக மெழுகினாள், சோகையை நுனி வெட்டி அழகாக வேய்ந்தாள், சுவருக்குச் செம்மண் பட்டை அடித்தாள். மதாம் கொலெட்டும் ஒவ்வொரு தடவையும் தனத்தின் வீட்டைத்தான் முதலில் காட்டினாள். "எங்கள் தனாவைப் பாருங்கள், எவ்வளவு சுத்தம்." தனத்துக்குப் பெருமைகூட வந்தது. நம் வீடு கண்ணில் பட்டுவிட்டது, இனி தகரம் வந்துவிடும் என்று நினைத்தாள்.

அறுபத்து நாலில் நைரோபியில் தொழிற்சங்கக்காரர்களுக்குப் பாடம் நடத்தினார்கள். தீவிலிருந்து இரண்டு பேரை அனுப்பினார்கள். ஒருவர் ரோஸ் ஹில் சங்க அலுவலகத்து ஜான்-மார்க். நல்ல படிப்பு, நல்ல சட்டை, இங்கிலீஷும் பிரெஞ்சும் தண்ணீர் பட்ட பாடு. இன்னொருவர் தனம். அவளுக்குத் தெரிந்தது வீட்டில் பேசுகிற கிரியோலும் கோயிலில் பாடுகிற தமிழும். ஜான்-மார்க் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கிரியோலில் சொல்லிக்கொண்டே வந்தார். முதலாளி, கூலி, ஒப்பந்தம், வேலைநிறுத்தம். தனத்துக்கு அதில் புதுசாக ஒன்றும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாடம் நடத்தியவர்கள் எல்லாரையும் பஸ்ஸில் ஏற்றினார்கள். மசாய் மக்களின் பழமையான கிராமம் பார்க்கப் போகிறோம், சாயங்காலம் திரும்பிவிடலாம் என்றார்கள். தனம் மாடு பார்க்கத்தான் ஏறினாள். மசாய்க்காரர்களிடம் மாடு நிறைய என்று கேள்விப்பட்டிருந்தாள்.

சிவப்புப் புழுதி, மஞ்சள் புல், முள்ளு மரம். முள்வேலி போட்ட ஒரு வட்டத்துக்கு முன்னால் பஸ் நின்றது. உள்ளே தாழ்வான வீடுகள், சுவரும் கூரையும் ஒரே சாணிப் பூச்சு. கூட்டிவந்த சுற்றுலாக் கம்பெனிக்காரன் அரைக்கால் சட்டை போட்ட வெள்ளைக்காரப் பையன். கம்பை நீட்டி நீட்டி விளக்கினான். பெண்கள் வரிசையாக நின்று பாடினார்கள். வாலிபர்கள் எகிறிக் குதித்தார்கள். பஸ்ஸில் வந்தவர்கள் எல்லாரும் சங்கத்து ஆட்கள், கூலிக்காக ஜெயிலுக்குப் போனவர்கள்கூட அதில் இருந்தார்கள். கீழே இறங்கியதும் அத்தனை பேரும் விருந்தாளி ஆகிவிட்டார்கள். ஒருத்தர் குனிந்து அடுத்தவர் வீட்டுக்குள் தலையை விட்டுப் பார்க்கிறார், உள்ளே ஒரு குழந்தை இருமிக்கொண்டிருக்கிறது, "ரொம்ப இருட்டு" என்று சொல்லிவிட்டுத் தலையை எடுக்கிறார்.

அப்போது ஒரு பெண் தகர டின்னில் தண்ணீரோடு வேலிக்குள் வந்தாள். கழுத்து நிறைய மணி, மொட்டைத் தலை, தனத்தின் வயசுதான் இருக்கும். வெள்ளைக்காரப் பையன் கம்பை ஆட்டி என்னவோ சொன்னான். அவள் டின்னை வீட்டுக்குப் பின்னால் வைத்துவிட்டு, ஒரு சுரைக்குடுக்கையை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"ஜான்-மார்க், அவன் என்ன சொன்னான்?"

"டின்ன வச்சிட்டுக் குடுக்கைய எடுக்கச் சொல்றாரு. படம் எடுக்கறாங்க இல்ல, அதுக்கு."

தனத்துக்கு இதை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. என்ன என்று உடனே பிடிபடவில்லை. பாட்டை விட்டுவிட்டு அந்தப் பெண்ணின் வீட்டுப் பக்கம் ஒதுங்கினாள். சுவரைத் தொட்டாள். சாணியில் சாம்பல் கலந்து பூசிய சுவர். நகத்தால் லேசாகச் சுரண்டி மோந்து பார்த்தாள். திரும்பினால் அந்தப் பெண் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். தனம் தன் உள்ளங்கையை விரித்துச் சுவரில் மெழுகுவது மாதிரி வட்டம் போட்டுக் காட்டினாள். அவளும் தன் கையை விரித்து அதே வட்டத்தைப் போட்டாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பஸ் டிரைவருக்கு மசாய் பாஷை தெரியும், அவர் அம்மா அந்த ஜனம். அவள் சொன்னதை அவர் இங்கிலீஷில் சொல்ல, ஜான்-மார்க் கிரியோலில் சொன்னார். பேச்சு இரண்டு கை மாறி வந்தது.

"பேரு நசேரியனாம். உங்க ஊர்லயும் பசு இருக்கான்னு கேக்கறா."

"இருக்குன்னு சொல்லு. இவ்ளோ இல்லன்னு சொல்லு. இந்தக் கூரை ஒழுகாதான்னு கேளு."

"ஒழுகுமாம். ஒழுகினா பொம்பளைங்கதான் மேல ஏறிப் பூசணுமாம். ஆம்பளைங்க உள்ள படுத்துக்கிட்டு எங்க ஒழுகுதுன்னு சொல்லுவாங்களாம்."

"அது எல்லா ஊர்லயும் அப்படித்தான்னு சொல்லு."

நசேரியன் சிரித்தாள். பிறகு வெள்ளைக்காரப் பையன் எங்கே நிற்கிறான் என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு, தனத்தின் மணிக்கட்டைப் பிடித்து ஆட்டுப்பட்டிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள். அங்கே மாட்டுத்தோல் போட்டு ஒரு மேடு. தோலை விலக்கினாள். அடியில் தகரம். முழுசு முழுசான தகரத் தகடுகள், ஓரமெல்லாம் துருப்பிடிக்க ஆரம்பித்திருந்தது.

"கன்னுக்குட்டி வித்து வாங்கினதாம்."

"பின்ன ஏன் மேல போடல?"

கேள்வி இரண்டு கை மாறிப் போனது. பதில் அதே வழியில் திரும்பி வந்தது. ஜான்-மார்க் அதைச் சொல்லும்போது தனத்தின் முகத்தைப் பார்க்கவில்லை.

"கம்பெனிக்காரன் வேணாம்னுட்டானாம். தகரம் மின்னினா படம் கெட்டுப் போகுமாம். தகரம் பார்க்க யாரும் பஸ் ஏறி வரமாட்டாங்கன்னு சொன்னானாம். அடுத்த வருஷம் பார்க்கலாம்னு சொல்லியிருக்கானாம்."

அடுத்த வருஷம். தனம் தகரத்தின் மேல் கையை வைத்தாள். வெயிலில் சூடாக இருந்தது.

நசேரியன் ஒரு கேள்வி கேட்டாள். டிரைவர் சொன்னார், ஜான்-மார்க் சொன்னார்.

"உன் வீட்டுக் கூரை எதுல போட்டதுன்னு கேக்கறா."

"சோகை."

"உன்னையும் பார்க்க வராங்களான்னு கேக்கறா."

இல்லை என்று சொல்லத்தான் தனம் வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே நின்றது. உள்ளே தள்ளிய வாளி, பின்னால் போட்ட சைக்கிள், வாயடைத்த ரேடியோ, நாலு வருஷமாக வராத தகரம், எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வந்து எதிரே நின்றன. வீட்டை அழகாக வைத்திருந்தால் கூரை சீக்கிரம் வரும் என்று நினைத்தாளே. அழகாக வைத்திருந்ததால்தான் வரவில்லை. மெழுக மெழுகத் தன் புருஷனின் நெஞ்சில் ஈரத்தை ஏற்றியிருக்கிறாள்.

"வராங்கன்னு சொல்லு," என்று தரையில் குந்திவிட்டாள்.

நசேரியன் பக்கத்தில் குந்தினாள். ஆறுதல் சொல்லவில்லை. தோளில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டி, கசப்பாக ஒரு சிரிப்புச் சிரித்தாள். அதற்குள் பஸ் ஹார்ன் அடித்தது.

திரும்பும்போது ஜான்-மார்க் சமாதானம் பேசப் பார்த்தார்.

"அது அவங்க பண்பாடு இல்லியா தனம். பாதுகாக்கணும்தானே."

"ஒழுகறது யாரு பண்பாடு?"

"நான் அப்படிச் சொல்லல..."

"நம்ம ஆபீஸ் சுவத்துல என்ன படம் தொங்குது ஜான்-மார்க்? என் கூரைதானே தொங்குது. நீதானே ரோஸ் ஹில்லுலேருந்து வந்து எடுத்துட்டுப் போன. நீயும் வாளிய நகத்தச் சொன்ன."

ஜான்-மார்க் நைரோபி வரும்வரை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வந்தார். பார்க்கட்டும். முதலாளி மட்டும்தான் கண்ணை மூடிக்கொள்வான் என்று எவன் சொன்னான்?

ஊர் திரும்பியதும் தனம் பெட்டியைக்கூடத் திறக்கவில்லை. நேரே விநாயகத்தைத் தேடிப் போனாள். அவன் பாரவண்டிகளை எண்ணிக்கொண்டிருந்தான்.

"தம்பி, எங்க வரிசைக்குத் தகரம் எங்க?"

"கப்பல் வரணும்க்கா."

"நாலு வருஷமா கப்பல் வருது. ஆளக் கொண்டாருது. தகரம் மட்டும் கடல்ல குதிச்சிருச்சா?"

"என்னைக் கேட்டா?"

"உன்னத்தான் கேக்கறேன். எங்கம்மா கையால சோறு தின்னவன் நீ. சொல்லு."

விநாயகம் அக்கம்பக்கம் பார்த்தான். பிறகு தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டான். தகரம் புயல் வருஷமே வந்துவிட்டது. முன்வரிசைக்கென்று வந்ததை மதாம் நிறுத்திவிட்டாள். பாதையிலிருந்து பார்க்கும்போது பழைய அழகு போய்விடுமாம். அந்தத் தகரம் மதாமின் குதிரை லாயத்து மேல் இருக்கிறது.

குதிரைக்குத் தகரம். மருதைக்குச் சோகை.  

தனம் ஆறு வீட்டுப் பெண்களையும் குழாயடியில் கூட்டிவைத்து மசாய் கிராமத்தைச் சொன்னாள். நசேரியனின் டின்னைச் சொன்னாள், தோலுக்கடியில் கிடந்த தகரத்தைச் சொன்னாள். குதிரை லாயத்தைக் கடைசியாகச் சொன்னாள். பக்கத்து வீட்டுப் பார்வதி கையிலிருந்த குடத்தைக் கீழே வைத்தாள்.

"அப்ப நம்மளும் பொம்மையா அக்கா?"

"பொம்மைய நனைய விடமாட்டாங்கடி."

பெண்கள் சேர்ந்து எடுத்த முடிவை வீட்டில் மருதையிடம் சொன்னபோது அவன் மூச்சை வாங்கி வாங்கிக் கேட்டான். கூரையைப் பிரித்தால் எஸ்டேட் பூட்டுப் போட வரும், அப்பா காலத்தில் நடந்தது தெரியும்தானே என்று தனமே சொன்னாள்.

"பூட்டு எதுல போடுவான்? மேல திறந்துல்ல கெடக்கும்," என்றான் மருதை. "பிரி. இதுக்குக் கீழயும் நனையத்தான் போறேன்."

ஆகஸ்ட் மாசம், வெட்டு மும்முரமாக நடக்கிற சமயம். விநாயகம் வந்து நின்றான். நாளைக்குக் கப்பல் ஆட்கள், கோலம், வாளி, பானை. ஆறு பெண்களும் சரி சரி என்றார்கள். மறுநாள் விடிந்ததும் ஏணியைச் சாத்தி மேலே ஏறினார்கள். வேயத் தெரிந்த கைக்குப் பிரிக்கத் தெரியாதா? சோகையைக் கட்டுக் கட்டாகக் கீழே தள்ளினார்கள்.

கார்கள் மரநிழல் பாதையில் வந்தபோது முன்வரிசையில் கூரை என்று ஒன்று இல்லை. ஆறு வீடும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. வாசலில் கோலம் இல்லை. தகர வாளிகள் வரிசையாக இருந்தன, சைக்கிள் சாய்ந்திருந்தது, தனம் வீட்டு ரேடியோ உரக்கப் பாடியது. மருதை கம்பளியைப் போர்த்திக்கொண்டு நடுவீட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். தனம் இடுப்பில் கோணியோடு நின்றாள்.

மதாம் கொலெட் இறங்கினாள். முகம் வெளுத்துப் போயிருந்தது.

"தனா, என்ன இது?"

"கூர மாத்தறோம் மதாம். பழசக் கழட்டியாச்சு. புதுசு உங்க லாயத்து மேல இருக்கு."

"உனக்கு என்ன குறை வைத்தேன்? எல்லாரிடமும் உன்னைப் பற்றித்தான் பெருமையாகச் சொல்வேன்."

"சொன்னீங்க மதாம். என்னப் பத்தி ஒண்ணும் கேட்டதில்ல."

விருந்தாளிகளில் ஒரு கிழவர் கேமராவைத் தூக்கினார். பிறகு என்ன நினைத்தாரோ, இறக்கிவிட்டார்.

"எடுங்க மிஸ்யே," என்றாள் தனம். "இன்னிக்குத்தான் எடுக்கணும். இன்னிக்கு உள்ள எல்லாம் நல்லாத் தெரியுது."

கார்கள் திரும்பிப் போயின. மத்தியானத்துக்குள் எஸ்டேட் ஆபீஸிலிருந்து மிரட்டல் வந்தது. எஸ்டேட் சொத்தைச் சேதப்படுத்தினீர்கள், ஆறு வீட்டையும் காலி செய்யுங்கள். கானில் இருந்தவர்கள் அதைக் கேட்டார்கள். மறுநாள் ஒரு வெட்டுக்கத்தியும் வயலுக்குப் போகவில்லை. தகரக் கூரைக்குக் கீழே சௌகரியமாக இருந்தவர்களும் போகவில்லை, அதுதான் பெரிய விஷயம். வெட்டாத கரும்பு வயலில் நின்றது, ஆலை பசியோடு நின்றது. ஆலை பசித்தால் துரைக்குப் புத்தி வரும் என்பது நைரோபியில் போய்ப் படிக்க வேண்டிய பாடம் இல்லை.

தூறல் விழுந்தபோது மருதையைக் கோயில் மண்டபத்தில் படுக்க வைத்தார்கள். அவன் நெஞ்சு போட்ட சத்தத்தைக் கேட்டுத் தனம் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிரித்தது தப்போ என்று அவளுக்கு அப்போது ஒரு நிமிஷம் வந்து போனது. மருதை கண்ணைத் திறந்து, "போய் அவளுங்களோட நில்லு. இங்க உக்காந்து என் மூச்ச எண்ணாத," என்றான்.

கடைசியில் எஸ்டேட் இறங்கி வந்தது. கையிருப்பில் தகரம் இல்லையாம். ஆகவே லாயத்துக் கூரையைப் பிரித்து வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள். விநாயகம்தான் ஓட்டிக்கொண்டு வந்தான். தகட்டில் பழைய ஆணி ஓட்டைகள். தனம் தாரைக் காய்ச்சி ஒவ்வொன்றாக அடைத்தாள். முதல் மழையில் காது செவிடாகிற சத்தம். மருதை கட்டிலில் படுத்துக்கொண்டு மேலே பார்த்தான். ஒரு சொட்டு இல்லை.

"தனம், இப்ப நம்ம குதிரைக்குச் சமம்," என்றான்.

எஸ்டேட் மறக்கவில்லை. தனத்தைக் கல்லும் கரடுமான கடைசி வயலுக்கு மாற்றினார்கள். தூரம் நடந்து போய் வந்தாள். கூரை இருந்தது.

நசேரியனின் தகரம் மேலே ஏறியதா என்று அவளுக்குத் தெரியாது. கேட்டுச் சொல்ல ஆள் இல்லை. மழைச் சத்தத்தில் சில சமயம் நினைத்துக்கொள்வாள்.

அறுபத்தெட்டில் சுதந்திரம் வந்தது. ஊர் மைதானத்தில் கொடி ஏற்றுகிற விழாவுக்கு ஒரு கமிட்டி போட்டார்கள். ஜான்-மார்க் அதில் செயலாளர். நம் முன்னோர் வாழ்க்கையைக் காட்ட மைதானத்தின் ஓரத்தில் ஒரு குடிசை கட்டியிருந்தார்கள். மண் சுவர், சோகைக் கூரை. ஜான்-மார்க் அதே நல்ல சட்டையோடு தனத்தைத் தேடி வந்தார்.

"தனம், நீ புடவை கட்டிக்கிட்டு வாசல்ல உக்காந்தா நல்லா இருக்கும். ஒரு கோலம். நீதான் பொருத்தம்னு எல்லாரும் சொல்றாங்க."

"ராத்திரி அதுல யாரு படுக்கறது?"

"யாரும் படுக்கறதில்ல. காட்சிக்குத்தான்."

"சரி. உக்காரறேன். இந்த வாளிய வாசல்ல வைக்கணும். ரேடியோ வைக்கணும். மருதை சைக்கிள சாத்தி வைக்கணும்."

"அது பழைய காலக் குடிசை தனம்."

"எனக்குப் பழசு இல்ல."

கமிட்டியில் கேட்டுச் சொல்வதாகப் போனார் ஜான்-மார்க். திரும்பி வரவில்லை. விழா நாளில் தனம் எல்லாரையும் போலப் போய்க் கூட்டத்தில் நின்றாள், கொடி ஏறுவதைப் பார்த்தாள், கை தட்டினாள். மைதானத்தின் ஓரத்தில் குடிசை நின்றது. வாசலில் புது மண் பானை வைத்திருந்தார்கள். பக்கத்தில் உட்கார ஒருத்தியும் வரவில்லை.